செங்காந்தள்: விலகச் சொன்ன பயமும் நெருங்கச் சொன்ன நம்பிக்கையும்

காட்டுவழி (இழையைத் தொடங்கியவர்)

கார்த்திகை வந்துவிட்டது. வேலிகளிலும் புதர்களிலும் செங்காந்தள் பூத்திருக்கிறது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஆறு இதழ்களும் மேல்நோக்கி நெளிந்து எழுந்து நிற்கின்றன. தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கிலிருந்து விதை வரை அந்தச் செடியில் நஞ்சில்லாத உறுப்பு எதுவும் கிடையாது.

இதைப் பற்றி ஊர்களில் சொல்லப்படும் கதைகளையும் விலக்குகளையும் நான் வெகுநாளாகக் கேட்டுக் குறித்து வருகிறேன். குறிப்புகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அதைப் பேசத்தான் இந்த இழை.

பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்வலி வரும் என்பது பரவலான நம்பிக்கை. செடிக்குக் கண்வலிக்கிழங்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டு முற்றத்தில் வைத்தால் குடும்பத்தில் சண்டை மூளும் என்று சிலர் சொன்னார்கள். பறித்த கையால் சோறு தின்னக்கூடாது என்றார்கள் வேறு சிலர். இவையெல்லாம் மனிதரைச் செடியிலிருந்து தள்ளி நிறுத்துகிற நம்பிக்கைகள்.

இன்னொரு கூட்டம் உண்டு. கிழங்கை வாசல்நிலையில் வைத்தால் பாம்பு அண்டாது. பாம்பு கடித்த இடத்தில் அரைத்துப் பூசினால் விஷம் இறங்கும். பிரசவ வலி நீண்டுகொண்டே போனால் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவினால் குழந்தை உடனே வெளிவரும்; வந்த கையோடு அதைக் கழுவிவிட வேண்டும். இவை மனிதரைச் செடியின் பக்கம் இழுக்கிற நம்பிக்கைகள்.

முதல் வகை மந்திரம்போல் ஒலிக்கிறது, ஆனால் உயிரைக் காத்தது. இரண்டாம் வகை மருத்துவம்போல் ஒலிக்கிறது, உயிரை எடுத்தது. இன்று நாம் முதல் வகையை மூடநம்பிக்கை என்று உதறிவிட்டோம். இரண்டாம் வகையைப் பாட்டி வைத்தியம் என்று பெயர் சூட்டிக் காணொளிகளில் பரப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

உங்கள் பக்கத்தில் இந்தச் செடியைப் பற்றி என்ன சொல்வார்கள்? எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி

நல்ல இழை. இலக்கியத்தில் இந்தப் பூவுக்கு எப்போதிருந்து தெய்வத் தொடர்பு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார் அல்லவா, அதில் முதல் பூ 'ஒண்செங் காந்தள்'. குறுந்தொகையின் முதல் பாட்டிலும் காந்தள்தான். அவுணரைக் கொன்று களம் சிவந்தது, அம்பு சிவந்தது, யானையின் கொம்பு சிவந்தது. அப்படிப்பட்ட சேயோனின், அதாவது முருகனின், குன்றம் 'குருதிப்பூவின் குலைக்காந்தட்டே' என்று முடிகிறது. தலைவன் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்த காந்தளை, எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறது என்று தோழி திருப்பி அனுப்பும் பாட்டு அது. சிவப்பின்மேல் சிவப்பாக அடுக்கிக் கடைசியில் பூவில் கொண்டுவந்து நிறுத்துகிறார் திப்புத்தோளார். பூவைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவு வந்தது இரத்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொல்காப்பியம் புறத்திணையியலில், முருகன் பூசாரியான வேலன் சாமி வந்து வெறியாடும் துறைக்கே 'காந்தள்' என்று பெயர். மகள் மெலிகிறாள், தாய் பதறுகிறாள், கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து இது முருகு அணங்கியதால், அதாவது முருகன் பிடித்ததால், வந்த நோய் என்று வேலன் சொல்கிறான், களம் இழைத்து, ஆட்டு மறியை அறுத்து ஆடுகிறான். அந்த ஆட்டத்துக்குரிய பூ காந்தள்.

திருமுருகாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முருகன் தலையில் சூடிய கண்ணி 'சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங் காந்தள்'. வண்டுகூட மொய்க்காத பூ. தெய்வத்துக்கு உரியது என்பதால் வண்டு நெருங்காது என்று விளக்கம் சொல்வது வழக்கம். காட்டுவழி சொன்ன விலக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்: இது உனக்கு உரியதன்று, எட்டி நில்.

ஆனால் ஒன்று. அதே சங்க இலக்கியத்தில், குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், தயிர் பிசைந்த 'காந்தள் மெல்விரல்' என்று கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியின் விரலைச் சொல்கிறார். ஆகவே பயம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

கொங்குமண்

ஏட்டுச்சுவடி ஐயா, வண்டு மொய்க்காத பூ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

நாங்கள் மூலனூர்ப் பக்கம். கண்வலிக்கிழங்குதான் எங்கள் வெள்ளாமை. இந்தச் சுற்றுவட்டாரம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பகுதிகள், கிழக்கே வேதாரண்யம் என்று பல இடங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதை வெளிநாட்டுக்கு மருந்து எடுக்கப் போகிறது.

இந்தப் பயிரில் மிகப்பெரிய வேலை என்ன தெரியுமா? பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பது. பூ தலைகீழாகத் தொங்கும், இதழ்கள் மேலே மடங்கிக்கொள்ளும், மகரந்தப் பைகள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டோ அடியிலேயே ஒடிந்ததுபோல் பக்கவாட்டில் திரும்பித் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் படாத அமைப்பு. தேனீ, பட்டாம்பூச்சி வரத்தான் செய்கின்றன, வராமலில்லை. ஆனால் ஒரு தோட்டம் முழுக்கக் காய் பிடிக்கிற அளவுக்கு அவற்றை நம்ப முடியாது. ஆகவே காலை வேளையில் பெண்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டுப் போவார்கள். அதைச் செய்யாத வருடம் காய் பாதிகூட நிற்காது.

வண்டு மூசாத பூ என்று அன்று பாடியவர் பக்தியில் பாடியிருக்கலாம். தோட்டத்தில் நின்று பார்க்கிற எனக்கு அவர் பூவை நன்றாகக் கவனித்திருக்கிறார் என்றே படுகிறது.

நம்பிக்கைகளைப் பற்றி: எங்கள் வீட்டில் அம்மா, தோட்டத்து உடுப்போடு அடுப்படிக்குள் வரவிடமாட்டார். கை கழுவி, உடுப்பு மாற்றி, பிறகுதான் சோறு. கேட்டால் 'அது ஆகாத செடி' என்பார். ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. உலர்ந்த விதையைச் சமையல் சாமான் வைக்கும் இடத்தில் வைப்பதே கிடையாது. ஆகாத செடி என்ற ஒரு சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டது.

நேர்பேச்சு

காட்டுவழி, உங்கள் அக்கறை புரிகிறது. முடிவை ஏற்க முடியவில்லை.

உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது பொய். பொய்யால் ஒருவர் காப்பாற்றப்பட்டார் என்று பெருமைப்படுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை ஒருநாள் துணிந்து பூவை உற்றுப் பார்க்கும். கண் வலிக்காது. அப்போது அந்தக் குழந்தை என்ன முடிவுக்கு வரும்? பெரியவர்கள் சொன்னது பொய், ஆகவே இந்தச் செடி ஒன்றும் செய்யாது என்றுதானே? அடுத்து கிழங்கைக் கடிக்கும்.

கிழங்கைத் தின்றால் செத்துப்போவாய் என்று உண்மையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கொங்குமண் அண்ணனின் அம்மா கண்வலிக் கதையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கை கழுவச் சொன்னார், விதையைத் தனியே வைத்தார். அது நம்பிக்கை அல்ல, அறிவு. இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

காட்டுவழி

நேர்பேச்சு, குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்து என்ன நினைக்கும் என்ற கேள்வி வலுவானது. அதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட விரும்பவில்லை. மற்றவர்கள் எழுதட்டும், திரும்பி வருகிறேன்.

முல்லைமணல்

வணக்கம். நான் வன்னியைச் சேர்ந்தவள், இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன். எங்களுக்கு இது கார்த்திகைப்பூ. நவம்பர் இறுதியில் இந்தப் பூவோடு எங்கள் மக்களுக்குப் பெரிய நினைவுகள் கட்டுண்டு கிடக்கின்றன. அதை இங்கே விரிக்க வரவில்லை. அந்த நினைவுகளுக்கு முன்பும் இந்தப் பூ எங்கள் வேலிகளில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மம்மா சொல்லித்தந்தது கண்வலிக் கதை அல்ல. 'கிழங்கு அகழும்போது மேலே கொடியைப் பார், இலை நுனி சுருண்டிருந்தால் மண்ணை மூடிவிட்டு வா' என்பார். கார்த்திகைச் செடியின் இலை நுனி நூல்போல் நீண்டு சுருண்டு பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்ளும். வற்றாளைக்கு அப்படி இருக்காது. வற்றாளை என்றால் தமிழகத்தில் நீங்கள் சர்க்கரைவள்ளி என்பீர்கள். இரண்டு கிழங்கும் மண்ணுக்குள் கிடக்கும்போது பசியோடு தோண்டுகிறவருக்கு வேறுபாடு தெரியாது. இலங்கையில் நடந்த நஞ்சேற்றங்களில் இப்படி மாறிப்போய் அவித்துத் தின்றவை உண்டு. சிங்கள மக்கள் நியங்கலா என்று சொல்லி இதே அளவு பயப்படுவார்கள்.

பஞ்ச காலத்திலும் இடம்பெயர்ந்து அலையும் காலத்திலும் காட்டுக்கிழங்கு தோண்டாமல் இருக்க முடியாது. அப்போது உயிரைக் காப்பாற்றுவது எது? முருகனுக்குரிய பூ என்ற பயமா, இலை நுனியைப் பார்க்கத் தெரிந்த கண்ணா? எனக்கு அம்மம்மாவின் பாடம்தான் பெரிது. நேர்பேச்சு பக்கம் ஒரு வாக்கு.

இரவுப்பணி

நான் செவிலியர். அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். இந்தக் கிழங்கைத் தின்றுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இது எனக்கு நாட்டுப்புறக் கதை அல்ல.

இதிலுள்ள நஞ்சு கால்ச்சிசின். உடலில் செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய நுண்குழல்கள் உருவாகிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துக் கொடுக்கும். கால்ச்சிசின் அந்த நுண்குழல்களைக் கட்ட விடாது. செல் பிரிய முடியாமல் நின்றுவிடும். எந்த உறுப்பில் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் முதல் அடி: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

இதில் கொடுமை என்னவென்றால் அது காத்திருந்து அடிக்கும். தின்ற உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத்தான் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். வீட்டில் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் தளரும், வெள்ளணுக்கள் சரியும், இதயம் பாதிக்கப்படும். நாங்கள் செய்வது உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான். வழக்கமான சிகிச்சையில் இதற்கென்று ஒரு முறிமருந்து எங்கள் கையில் இல்லை. சீக்கிரம் வந்தால் கரித்தூள் கொடுத்து உறிஞ்ச வைக்கப் பார்ப்போம். தாமதித்து வந்தால் அதுவும் பயன்படாது.

வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது. முல்லைமணல் சகோதரி சொன்னவர்கள் அவித்துத் தின்றும்தானே விழுந்தார்கள்?

பிழைத்து எழுந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கிழங்கின் நஞ்சால் உடல் முழுவதும் முடி உதிர்ந்த ஒருவரைப் பற்றிய அறிக்கையே வந்திருக்கிறது. பிறகு முடி மீண்டும் வளரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஓர் ஊரில் ஒருத்தி காட்டுக்குப் போய்வந்து, வாந்தியெடுத்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பி, இரண்டு வாரம் கழித்து முடியெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றால், முருகு அணங்கியது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? கிழங்குக்கும் முடிக்கும் இடையில் அத்தனை நாள் இடைவெளி. எந்தத் தாயால் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க முடியும்?

இது என் ஊகம்தான். ஆனால் இந்தப் பூவைச் சுற்றி ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டால் நான் அங்கே பார்ப்பேன்.

வழிப்போக்கன்

ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். அது ரொடீசியாவாக இருந்தபோது 1947இல் இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூவின் வடிவில் வைரம் பதித்த அணி ஒன்றைப் பரிசளித்தார்கள். ஒரே பூ, ஓரிடத்தில் வேலன் தலையில், ஓரிடத்தில் இளவரசியின் மார்பில்.

ஒரு கேள்வி. வேலன் வெறியாடும்போது தன்னை மறந்து ஆடுகிறானே, அது இந்தச் செடியின் நஞ்சால் வந்த மயக்கமாக இருக்குமோ?

ஏட்டுச்சுவடி

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பாட்டுகளில் வேலன் காந்தளைச் சூடுகிறான். தின்றான், குடித்தான் என்று நான் படித்த எதிலும் இல்லை. வெறிக்களத்தில் பேசப்படுவது மறியின் குருதி, தினை, பரப்பிய மணல், பல இசைக்கருவிகளின் முழக்கம். இரவு முழுக்க முழவு அதிர்ந்தால் தன்னை மறக்க நஞ்சு தேவையில்லை. இன்றும் கோயில் கொடைகளில் உடுக்கைச் சத்தத்துக்குச் சாமி வருவதைப் பார்க்கிறோமே.

இரவுப்பணி

மருத்துவப் பக்கத்திலிருந்தும் அது பொருந்தவில்லை. கால்ச்சிசின் மாயக்காட்சி தருகிற நஞ்சு அல்ல. அது வேண்டுமானால் ஊமத்தை. அதிலுள்ள ஸ்கோபோலமின், அட்ரோபின் ஆகியவை ஆளைப் பிதற்ற வைக்கும், இல்லாததைப் பிடிக்கக் கை நீட்ட வைக்கும். காந்தளைத் தின்றவன் ஆடமாட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான்.

மூலிகைமாணவி

சித்த மருத்துவம் படிக்கிறேன். இழையை முதலிலிருந்து படித்தேன். பயமும் எச்சரிக்கையும் சரி. ஆனால் இரண்டாம் வகை நம்பிக்கைகள் எல்லாமே உயிரை எடுத்தவை என்று காட்டுவழி அண்ணா எழுதியதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் மரபில் இந்தக் கிழங்கைப் பச்சையாக யாரும் கையாளச் சொல்லவில்லை. மோரில் பல நாள் ஊறவைத்து, மோரை மாற்றி மாற்றி, உலர்த்திச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதையும் மருத்துவர் கையால் மட்டுமே. இந்திய அரசின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஈ-1 என்று ஓர் அட்டவணை இருக்கிறது. நச்சுத்தன்மை உள்ள மூலிகைகளின் பட்டியல். எட்டி, ஊமத்தை, குன்றிமணி, அரளி ஆகியவற்றோடு இதுவும் அதில் இருக்கிறது. மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த மருந்துகளின் மேல் அச்சிடப்பட வேண்டும்.

இந்த நஞ்சு இன்று நவீன மருத்துவத்திலும் மருந்துதானே? கால்ச்சிசினைப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேயும் காவந்தூவும் 1820இல் பிரித்தெடுத்தார்கள், காந்தளின் ஐரோப்பிய உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து. கீல்வாதத்தில் பெருவிரல் வீங்கித் துடிப்பவருக்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். 1937இல் அதே பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள்; விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்தது. இரவுப்பணி அக்கா சொன்ன அதே செயல்தான்: செல் பிரியாமல் நிற்கிறது, குரோமோசோம்கள் இரட்டித்தபடியே உள்ளே தங்கிவிடுகின்றன. ஆகவே இந்தச் செடிக்குப் பெரிய ஆற்றல் இருக்கிறது என்று முன்னோர் உணர்ந்தது பொய்யல்ல.

இரவுப்பணி

தங்கை, ஆற்றல் இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. நீங்கள் படிக்கிற முறை, சுத்தி, அளவு, மேற்பார்வை, இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. கீல்வாத மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு. அதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கொடுக்கும்போது மருத்துவர் பலமுறை யோசிப்பார். ஒரு கிழங்குக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மண்ணுக்கு மண், செடிக்குச் செடி மாறும். காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டில் மோரில் ஊறவைக்கிறவருக்கு நஞ்சு இறங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

பிரசவப் பூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலி நீண்டுகொண்டே போகிறது என்றால் குழந்தை குறுக்கே இருக்கலாம், இடுப்பெலும்பு குறுகலாக இருக்கலாம், தாயின் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் கிழங்கு அரைத்துக்கொண்டிருப்பது அறுவை அரங்குக்குப் போக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். கருவைக் கலைக்க இதை உள்ளே கொடுக்கிற வழக்கமும் இருந்தது, இருக்கிறது. அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: கருவை மட்டும் தேடிப்போய்ச் சேரும் நஞ்சு எதுவும் இல்லை. அந்தப் பெண்ணும் சேர்ந்தே போகிறாள். அப்படி ஓர் இக்கட்டில் இருப்பவர் இதைப் படித்தால், தயவுசெய்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கருக்கலைப்புக்குச் சட்டப்படியான வழி இருக்கிறது, யாரென்று வெளியே சொல்லமாட்டார்கள்.

மூலிகைமாணவி

அக்கா, வீட்டில் செய்யக்கூடாது என்பதில் நான் உங்களோடுதான். எங்கள் ஆசிரியர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பிரசவப் பூச்சுக்கு இன்று இடமில்லை என்பதையும் ஏற்கிறேன். என் வருத்தம், மரபு என்றாலே கொலை என்ற தொனி வந்துவிடக்கூடாது என்பதுதான்.

காட்டுவழி

மூலிகைமாணவி, நியாயமான வருத்தம். மருத்துவர் கையில் இருப்பதையும் காணொளியில் பரவுவதையும் பிரித்தே பேசுகிறேன்.

பாம்பு நம்பிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் இன்றும் அதிகம் உயிரோடு இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், காற்றில் அடிபட்டுச் சாய்ந்த காந்தள் படம் ஒடுங்கிய பாம்புபோல் பாறைமேல் கவிந்து கிடக்கிறது. அந்தப் பூவைப் பாம்பாகவே பார்த்த கண் அது. பாம்புபோல் இருப்பது பாம்பை விரட்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்க மந்திரத்தின் அடிப்படை. கதை என்ற அளவில் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஆனால் கட்டுவிரியன் இரவில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. கடிபட்டவர் தசைகள் செயலற்று மூச்சு நிற்கும் நிலைக்குப் போகிற அந்தச் சில மணி நேரத்தில் கிழங்கை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து விஷமுறிவு ஊசி நம்மிடம் இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்பை நம்மில் யாரையும்விட நன்றாக அறிந்த மக்கள் விஷத்தை ஊசி தயாரிக்கக் கொடுக்கிறார்கள். நாமோ வாசலில் கிழங்கைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அதுவும் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில்.

இப்போது நேர்பேச்சின் கேள்விக்கு. யோசித்தேன். கண்வலிக் கதையைக் குழந்தைக்கு உண்மையென்று சொல்வதில் ஆபத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சிரித்து ஒதுக்கவும் மாட்டேன். கால்ச்சிசின் என்ற பெயரே இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூட்டம், இந்தச் செடியை நினைவில் வைத்துக்கொள்ளத் தன்னால் முடிந்ததைச் செய்தது. செடியைப் பார்த்தவுடன் 'கண்வலி' என்ற சொல் நாக்கில் வருகிறதே, அதுவே பாதி வேலை. மீதிப் பாதியை நாம் செய்ய வேண்டும்: கதையைச் சொல், உடனே கிழங்கைப் பற்றிய உண்மையையும் சொல், முல்லைமணலின் அம்மம்மாபோல இலை நுனியையும் காட்டு.

நேர்பேச்சு

கதையைக் கதையென்று சொல்லிச் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. பாட்டி இப்படிச் சொன்னார், ஏன் சொன்னார் தெரியுமா என்று தொடங்கினால் குழந்தை கூடுதலாகவே கேட்கும்.

கரும்பலகை

தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். இந்த இழையைப் படித்துவிட்டுப் பயந்துபோய் எழுதுகிறேன். எங்கள் பள்ளியின் பின்பக்க வேலியில் இந்தக் கொடி படர்ந்து இப்போது நிறையப் பூத்திருக்கிறது. மாநில மலர் என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் செய்தேன். வெட்டிவிடலாமா? மாநில மலரை வெட்டினார்கள் என்று பேச்சு வருமோ என்று தலைமையாசிரியர் தயங்குகிறார்.

கொங்குமண்

டீச்சர், வெட்டினால் போதாது. கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும். கலப்பைபோல் வளைந்து இரண்டு கிளையாக இருக்கும், ஒரு துண்டும் விடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்யட்டும், பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிட வேண்டாம். காய் முற்றி வெடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். உள்ளே சிவப்பாக மணிமணியாக விதை இருக்கும், சின்னப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடத் தோன்றும். மாநில மலர் என்பதற்காக வேலியில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

முல்லைமணல்

என் கருத்து வேறு. தொடக்கப்பள்ளி என்பதால் அங்கே எடுப்பதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் ஒருநாள் பிள்ளைகளை எட்ட நிறுத்தி இலை நுனியைக் காட்டுங்கள். பள்ளி வேலியில் இல்லாவிட்டாலும் அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும்.

இரவுப்பணி

டீச்சர், பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். யாராவது பூவோ விதையோ கிழங்கோ வாயில் போட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108ஐ அழையுங்கள், தின்றது எந்தச் செடி என்று சொல்லுங்கள், முடிந்தால் ஒரு துண்டை உறையில் போட்டுக் கூடவே கொடுத்தனுப்புங்கள். குழந்தை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அனுப்புங்கள்.

கரும்பலகை

தலைமையாசிரியரிடம் இந்த இழையையே காட்டினேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குத் தூரத்திலிருந்து காட்டுகிறோம். சனிக்கிழமை விடுமுறையில் ஆள் வைத்துத் தோண்டுகிறோம். ஏட்டுச்சுவடி ஐயா, குறிஞ்சிப்பாட்டின் அந்த அடியை முழுதாக இங்கே போடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் கரும்பலகையில் எழுத வேண்டும்.

ஏட்டுச்சுவடி

'வள்ளிதழ், ஒண்செங் காந்தள், ஆம்பல், அனிச்சம்.' ஆம்பலுக்கு மேல் பிள்ளைகளே தொடர்ந்து கேட்பார்கள் டீச்சர், 99 வரை போக வேண்டியிருக்கும். பட்டியல் முழுவதையும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.